பெரியக்கா விரிப்பு மடிக்கச் சொல்லாத நாள்

எங்கள் சலவைக்கூடத்தில் பெரியக்கா என்றால் வயதில் பெரியவர் என்று அர்த்தமில்லை. அவருக்கு மூத்தவர்கள் இஸ்திரிப் பக்கமே நாலைந்து பேர் இருக்கிறோம். நானும் அவருக்கு மூத்தவள்தான். இருந்தும் எங்கள் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. முதலாளிக்கு எங்கள் அப்பா வயது இருக்கும். அவரும், "எதுக்கும் பெரியக்காவை ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றுதான் சொல்வார்.

பெரியக்கா இந்த இடத்துக்கு அழுக்கு பிரிக்கிற வேலைக்கு வந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணியைப் பிரித்து, ரத்தக்கறை ஒரு பக்கம், மருந்துக்கறை ஒரு பக்கம் என்று போட வேண்டும். வந்த ஆட்களில் பாதிப் பேர் முதல் மூட்டையை அவிழ்த்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெரியக்கா போகவில்லை. "நோயாளி படுத்திருந்த துணி. அவங்க படுறதைவிடவா நான் படுறேன்" என்று சொல்லிக்கொண்டே பிரிப்பார். பிரிக்கும் இடத்திலிருந்து துவைக்கும் இடம், அங்கிருந்து இஸ்திரி என்று வந்து, கடைசியில் எங்கள் எல்லோருக்கும் மேலாள் ஆனார்.

ஆள் குள்ளம். குரலும் பெரிய குரல் இல்லை. மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் மற்ற மேலாட்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். பெரியக்கா கத்த மாட்டார். நடந்து வந்து பக்கத்தில் நிற்பார். பக்கத்தில் நின்றார் என்றாலே நாம் என்ன தப்பு செய்தோம் என்று நமக்கே தெரிந்துவிடும். காலையில் மிஷினைப் போடுமுன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல. வந்தவங்க வந்தபடியே வீட்டுக்குப் போகணும்னு கேக்கறேன். அவ்வளவுதான்" என்றார்.

அவர் மேலாள் ஆன பிறகு எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் வந்தது. இரண்டு பேருக்குள் சண்டை வந்தால் அவர்களைக் கூப்பிட்டு நியாயம் பேச மாட்டார். பெரிய விரிப்புகளை மடிக்க விட்டுவிடுவார். சின்ன விரிப்புகளை மிஷினே மடித்துத் தள்ளிவிடும். இரட்டைக் கட்டில் விரிப்புக்கு ஆள் வேண்டும். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, இழுத்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். முகம் பார்க்காமல் மடித்தால் கோணல் மாணலாகத்தான் வரும். ஒரு வண்டி விரிப்பு முடிவதற்குள் எப்படியும் முகம் பார்த்துவிடுவார்கள். அவர்கள் மடித்து முடிக்கும்வரை வேறு யாரும் கிட்டே போகக் கூடாது. அதுவும் அவர் வைத்த சட்டம்தான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் இறங்கி வர மனசு வராது என்பார்.

இஸ்திரிப் பக்கம் மின்விசிறிக்காகச் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் உண்டு. ஒருத்திக்கு விசிறி ஓடினால் தலைவலி, இன்னொருத்திக்கு ஓடாவிட்டால் தலைவலி. பேச்சு முற்றி, ஒருத்தியின் மாமியார்வரை இழுத்துவிட்டார்கள். பெரியக்கா இருவரையும் விரிப்பு மடிக்க விட்டார். கால் வண்டிவரை ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு குரல் கேட்டது.

"உன் பக்கம் ஏறிக்கிட்டே போகுது."

"என் பக்கம் ஏறல. நீ குட்டை."

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். இன்றைக்கும் அவர்கள் ஒரே டப்பாவில்தான் சாப்பிடுகிறார்கள். இந்த மாதிரி எத்தனையோ நடந்திருக்கிறது. வெளியிலிருந்து துணி கொண்டு வருகிற டிரைவர்கள்கூட, வீட்டில் பொண்டாட்டியோடு சண்டை என்றால், "ரெண்டு விரிப்பு கடன் குடுங்க பெரியக்கா" என்று கேலி செய்வார்கள்.

இப்போது பாய்லர்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நாங்கள் மாப்பிள்ளை என்போம். கரி, எண்ணெய், புகை என்று எல்லாவற்றுக்கும் நடுவில் வேலை, ஆனால் சட்டை மட்டும் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் கேலிதான். அவர் இருக்கிற இடத்தில் சிரிப்பு இருக்கும். ஒருவருடைய செருப்பை ஒளித்து வைப்பார், இன்னொருவரின் டீயில் உப்பைப் போடுவார், பிறகு தானே போய் வேறு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பார். எங்களுக்கெல்லாம் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். பாய்லரும் அவர் கை பட்டால்தான் சொன்னபடி கேட்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஆரம்பித்தவரும் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய கேலிக்குச் சிரிக்காத ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பெயர் புதுசு. வந்த அன்றைக்கு யாரோ, "ஏ புதுசு, இந்த வண்டியைத் தள்ளு" என்று கூப்பிட்டார்கள். அவளுக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து பழசாகிவிட்டார்கள். அவள் மட்டும் இன்னும் புதுசுதான். கம்பளிகளைச் சூட்டறையில் உலரப் போட்டு எடுக்கிறவள். கல்யாணமாகிப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. அதிகம் பேச மாட்டாள். பேசினால் நேராகப் பேசுவாள்.

அவள் கடந்து போகும்போது மாப்பிள்ளை ஆவிக்குழாயைத் திருகிவிடுவார். காலடியில் புஸ்ஸென்று ஆவி சீறும். அவள் துள்ளுவாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் ஆவி அவள் கணுக்காலில் பட்டுச் சிவந்துவிட்டது. அவள் நேராகப் பெரியக்காவிடம் போய்ச் சொன்னாள். பெரியக்கா மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். பிறகு எப்போதும் போல இரண்டு பேரையும் விரிப்பு மடிக்க விட்டார். நாங்கள் தள்ளியே நின்றோம். மாப்பிள்ளை சிரித்த முகமாக என்னவோ பேசிக்கொண்டே மடித்தார். அவள் தலையைக் குனிந்தபடி மடித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்களும் எங்கள் வேலையைப் பார்க்கப் போனோம்.

அது நடந்த அதே வாரம்.

சூட்டறை என்பது நாலு பக்கமும் சுவர், ஒரே கதவு. உள்ளே சுவரோரமாக ஆவிக்குழாய்கள் ஓடும். கம்பளியைத் தொங்கவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். கதவு தானாகத் திறந்துகொள்ளக் கூடாது என்பதற்காக வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. மத்தியானம், மிஷின் எல்லாம் முழு வேகத்தில் ஓடுகிற நேரம். வண்டி தள்ளுகிறவர் சூட்டறைப் பக்கம் போனார். போனவர், "தண்ணி கொண்டாங்க, யாராவது தண்ணி கொண்டாங்க" என்று ஓடி வந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது புதுசு கதவோரமாகத் தரையில் கிடந்தாள். முகம் செங்கல் நிறம். உதடு வெளுத்திருந்தது. கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை வீங்கியிருந்தது.

மாப்பிள்ளை அங்கேயே நின்றிருந்தார். "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்றார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

பெரியக்கா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. முதலில் அவளைக் காற்றுள்ள இடத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னார். ஈரத்துணியைக் கழுத்தில் போட்டார். கண் விழித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார். என்னைத் துணைக்குப் போட்டு, துணி வண்டியிலேயே டாக்டரிடம் அனுப்பினார். அப்புறம்தான் மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றாராம். நான் வண்டியில் போய்விட்டேன். பார்த்தவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

"நீங்க இப்ப வீட்டுக்குப் போங்க. கூப்பிடற வரைக்கும் வர வேண்டாம்."

"பாய்லர் யாரு பாப்பாங்க?"

"அது உங்க கவலை இல்ல. சாவியைக் குடுங்க."

"என்ன பெரியக்கா, ஒரு விளையாட்டுக்குப் போயி..."

"விளையாட்டா இல்லையான்னு விசாரிக்கறேன். உங்களையும் கேப்பேன். அதுக்கு முன்னாடி நீங்க குத்தவாளின்னு நான் சொல்லல. ஆனா அவ இருக்கிற இடத்துல நீங்க இருக்க வேண்டாம்."

மறுநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். எங்களை என்றால் பெரியக்காவையும், டாக்டரிடம் போய் வந்தவள் என்பதால் என்னையும். முதலாளி நல்லவர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் எந்தக் காரியத்தையும் அன்று மாலைக்குள் மறந்துவிட வேண்டும் அவருக்கு.

"எதுக்கு இவ்வளவு பெருசு பண்றது? அவளுக்கு உடம்பு தேவலைன்னு சொல்றாங்க. வந்ததும், வழக்கம் போல ரெண்டு பேரையும் விரிப்பு மடிக்க விடு. நீ கொண்டு வந்த வழக்கம்தானே, பெரியக்கா?"

நான் பெரியக்கா முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை.

"நான் கொண்டு வந்ததுதான். அதனாலதான் அது எங்க ஆகும், எங்க ஆகாதுன்னு எனக்குத் தெரியணும். அவங்க ரெண்டு பேருக்குள்ள சண்டை இல்லைங்க. ஒருத்தர் கதவைப் பூட்டினார், ஒருத்தி உள்ள இருந்தா."

"அவன் போயிட்டா பாய்லர்?"

"அடுத்த ஷிப்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். புது ஆள் கிடைக்கிற வரைக்கும் ரெண்டு வேளையும் பாக்கறேன்னு சொல்லிட்டார். துணி ஒரு நாள் லேட்டாப் போகலாம். அவ்வளவுதான்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, விசாரி. ஆனா சீக்கிரம் முடி."

"முடிக்கறேன். ஆனா சீக்கிரம் வேணும்னு அரைகுறையா முடிக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் புதுசு வீட்டுக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் மருந்து தடவியிருந்தது. லாரியில் மூட்டை ஏற்றும் அவள் புருஷன் எங்களை உட்காரவும் சொல்லாமல் நின்றான்.

"நீங்க ஒண்ணும் விசாரிக்க வேண்டாம். அந்த ஆளு வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க. நானே போய் ரெண்டு போட்டுட்டு வரேன்."

"போடலாம், தம்பி" என்றார் பெரியக்கா. "போட்டா என்ன ஆகும் தெரியுமா? அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை ஆயிடும். சண்டைன்னா எங்க முதலாளி உங்களையும் அவரையும் விரிப்பு மடிக்க விடச் சொல்வார்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. ஒரு பாயை உதறிப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றான்.

ஆனால் புதுசு சிரிக்கவில்லை. "என்னையும் அதைத்தானே செய்யச் சொல்வீங்க?" என்று கேட்டாள்.

"எதை?"

"அவர் எதிர்ல நின்னு மடிக்க. போன தடவை சொன்னீங்களே. அப்ப அவர் என்ன சொன்னார்னு யாராவது கேட்டீங்களா?"

பெரியக்கா இல்லை என்று தலையசைத்தார்.

"சிரிச்சுக்கிட்டே சொன்னார். 'புகார் பண்றியா? உனக்கு இருக்கு, இரு'ன்னு. முனையைச் சேக்க வரும்போதெல்லாம் காது கிட்ட ஒரு வார்த்தை சொல்வார். சட்டுனு இழுப்பார், நான் தடுமாறுவேன். நீங்க எல்லாரும் தூரத்துல இருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க. யாரும் கிட்ட வரக் கூடாதுன்னு சட்டம் இல்ல? வரல." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு அந்த வேலை வேணும்கா. வேற எங்கேயும் பொண்ணு ஸ்கூல் விடற நேரத்துக்கு விட மாட்டாங்க. ஆனா இன்னொரு தடவை அவர் எதிர்ல நிக்கச் சொன்னா நான் வர மாட்டேன். அது மட்டும் சொல்லிட்டேன்."

பெரியக்கா பாயிலிருந்து நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் வந்து நிற்பாரே, அது மாதிரி இல்லை. நன்றாகத் தோளோடு தோள் படும்படி.

"தப்பு என்னுதும்மா. நீ அன்னிக்கே வந்து சொன்னே. நான் அதைச் சண்டைன்னு எடுத்துக்கிட்டேன். உன்னைக் கொண்டுபோய் அவர் கையிலேயே குடுத்துட்டேன். நீ அவர் எதிர்ல நிக்க மாட்டே. அதை நான் பாத்துக்கறேன். நடந்ததை மட்டும் நடந்தபடி சொல்லு. மறந்தது மறந்ததுன்னே சொல்லு, பரவாயில்ல."

அவள் சொன்னாள். பெரியக்கா சொல்லச் சொல்ல எங்கள் ஆபீஸ் பெண் அதை எழுதிக்கொண்டு வந்து மறுநாள் அவளுக்கே வாசித்துக் காட்டினாள். அவள் ஒரு இடத்தைத் திருத்தச் சொன்னாள். தான் அழுததாக எழுதியிருந்தது. "நான் அழல. கத்தினேன்" என்றாள். கத்தினேன் என்று மாற்றினார்கள்.

பெரியக்கா ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் கேட்டார். யார் என்ன சொன்னார் என்று அடுத்தவரிடம் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று என்னை உட்கார வைத்துக்கொண்டார். வண்டி தள்ளுகிறவர்தான் ரொம்பத் தயங்கினார். அவரும் மாப்பிள்ளையும் தினமும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது பெரியக்கா. நான் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான்."

"சரி. திறக்கும்போது அவர் எங்க நின்னார்?"

"பக்கத்துலதான்."

"எவ்வளவு பக்கத்துல?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கை தாழ்ப்பாள் மேல இருந்துச்சு. நான் அவர் கையைத் தள்ளிட்டுத்தான் திறந்தேன்." சொல்லி முடித்ததும், சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். "இதைச் சொன்னது நான்னு தெரிய வேண்டாம்."

"தெரியத்தான் செய்யும். நீங்க மட்டும்தானே அங்க இருந்தீங்க. ஆனா இதுக்காக யாராவது உங்களை ஒரு வார்த்தை சொன்னா என்கிட்ட வாங்க. இந்தத் தடவை உங்களை யாரோடயும் மடிக்க விட மாட்டேன்."

கடைசியாக மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். துணைக்கு யாரை வேண்டுமானாலும் அழைத்து வரலாம் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். இஸ்திரிப் பக்கம் வேலை பார்க்கும் தன் மைத்துனரைக் கூட்டி வந்தார். புதுச் சட்டை. உட்காரும்போதே, "என்ன, தூக்குல போடப் போறீங்களா?" என்று சிரித்தார். மைத்துனரும் சிரித்தார். எனக்குக்கூடப் பழக்க தோஷத்தில் உதடு அசைந்தது. பெரியக்கா சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. அந்த டம்ளரில் தண்ணீர் இருக்கிறது, குடியுங்கள் என்றார்.

"தாழ்ப்பாள் போட்டது நீங்கதானா?"

"ஆமா. விளையாட்டுக்கு."

"அவ தட்டினது கேட்டுதா?"

"மிஷின் சத்தத்துல என்ன கேக்கும்?"

"கதவுல கை வச்சிருந்தீங்க. தட்டினா கைக்குத் தெரியும் இல்ல?"

மாப்பிள்ளை மைத்துனரைப் பார்த்தார். "தெரிஞ்சுது. திறக்கலாம்னுதான் இருந்தேன்."

"ஏன் திறக்கல?"

"அவ ஒரு வார்த்தை சொல்லட்டும்னு பாத்தேன். 'தெரியாம புகார் பண்ணிட்டேன், மாப்பிள்ளை'ன்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா அப்பவே திறந்திருப்பேன். பிடிவாதக்காரி, சொல்லவே மாட்டேன்னுட்டா. நான் என்ன பண்ணட்டும்?"

எழுதிக்கொண்டிருந்த ஆபீஸ் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. மைத்துனர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்று மாப்பிள்ளைக்கு அப்போதுதான் புரிந்தது போலிருந்தது.

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றார்.

"எந்த அர்த்தத்துல சொன்னீங்களோ அதையும் சொல்லுங்க. எழுதிக்கட்டும்" என்றார் பெரியக்கா. எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கிறேன் என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மாப்பிள்ளை என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். விளையாட்டு என்ற சொல் மட்டும் அதற்கப்புறம் அவர் வாயில் வரவில்லை.

விஷயம் எப்படியோ வெளியே பரவிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஏழெட்டுப் பேர் பெரியக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். மின்விசிறிச் சண்டைக்காரிகள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

"வயசுக்கு வந்த ரெண்டு பொண்ணு வச்சிருக்கார், பெரியக்கா. வேலையை விட்டு எடுத்தா அந்தக் குடும்பம் என்ன ஆகும்?"

"மனுஷன் தப்பு பண்றது சகஜம். சாமிகூட மன்னிக்குது. நீங்க சாமி கும்பிடறவங்கதானே?"

அந்த வார்த்தைக்குப் பெரியக்காவால் பதில் சொல்ல முடியாது என்றுதான் நினைத்தேன். அவர் டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கும்பிடறேன். அவருக்காகவும்தான் கும்பிடறேன். மன்னிக்கிறது வேற, வேலையில வச்சுக்கிறது வேற. மன்னிக்கணுமா வேண்டாமான்னு அவ முடிவு பண்ணட்டும். அது அவளுக்கும் ஆண்டவனுக்கும் நடுவுல. நானோ நீங்களோ அவ சார்பா மன்னிக்க முடியாது, உள்ள இருந்தது நாம இல்ல. கதவுக்குப் பக்கத்துல யாரை நிக்க விடறதுங்கிறது மட்டும்தான் என் வேலை. உங்களை அந்த அறைக்குள்ள அனுப்பறேன், வெளியே அவரை நிறுத்தறேன். போவீங்களா?"

விசிறி ஓட வேண்டும் என்பவள் மெதுவாக, "நான் போக மாட்டேன்" என்றாள்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார்கள். மாப்பிள்ளை சொன்ன அந்த ஒரு வார்த்தை வந்ததும் அவர், "இதை அவனே சொன்னானா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்கு மேல் பாய்லரைப் பற்றிப் பேசவில்லை. வேலையை விட்டு எடுக்கச் சொன்னார். "நீயே சொல்லிடு, பெரியக்கா. எனக்கு மனசு கேக்காது" என்றார்.

வேறு ஒருவராக இருந்தால், மாப்பிள்ளையைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, நாலு பேர் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். பெரியக்கா என்னை மட்டும் கூட வைத்துக்கொண்டு ஆபீஸ் அறையிலேயே சொன்னார். அவருக்கு வரவேண்டியதில் ஒன்றும் குறைக்கக் கூடாது என்று முதலாளியிடம் முன்பே கேட்டு வாங்கியிருந்தார்.

"இனிமே நான் எங்க போவேன்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. அந்தக் குரலில் கேலி இல்லை. அன்றைக்குத்தான் அவர் வயசு என்ன இருக்கும் என்று யோசித்தேன்.

"பாய்லர் தெரிஞ்சவங்களுக்கு வேலை கிடைக்கும். யாராவது என்கிட்ட விசாரிச்சா, வேலை நல்லா தெரியும்னு சொல்வேன். இங்க ஏன் இல்லைன்னு கேட்டா, நடந்ததை நடந்தபடி சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"நான் அவகிட்ட மன்னிப்பு கேக்கறேன். கூப்பிடுங்க."

"அவளைக் கூப்பிட மாட்டேன். உங்க முகத்தைப் பாக்க மாட்டேன்னு சொல்லியிருக்கா. சொல்லணும்னு நிஜமாத் தோணினா என்கிட்ட சொல்லுங்க, நான் போய்ச் சொல்றேன். அவ கேக்கவும் செய்வா, கேக்காமலும் இருப்பா."

மாப்பிள்ளை சொன்னார். என்ன சொன்னார் என்று நான் எழுத மாட்டேன், அது அவளுக்குச் சொன்னது. பிறகு எழுந்து தன் டப்பாவையும், ஆணியில் தொங்கிய பழைய சட்டையையும் எடுத்துக்கொண்டார். பெரியக்கா கேட்வரை கூடவே நடந்து போனார். யாரும் கிண்டல் செய்யாமல் இருக்கத்தான் அப்படி நடந்தார் என்று எனக்குப் பிறகு புரிந்தது.

அன்றைக்கே தச்சரை வரவழைத்து, சூட்டறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளைப் பிடுங்கச் சொன்னார். உள்ளேயிருந்து தள்ளினாலே திறக்கிற மாதிரி ஒரு பிடி போட்டார்கள். மறுநாள் காலை மிஷின் போடுமுன் எல்லோரையும் நிற்க வைத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். ஆவி பட்ட அன்றைக்கே புதுசு வந்து சொன்னதையும், தான் அதைச் சண்டையாக எடுத்துக்கொண்டதையும் மறைக்காமல் சொன்னார். "இனிமே யாராவது வந்து சொன்னா, முதல்ல முழுசா கேப்பேன். மடிக்க விடறதெல்லாம் அப்புறம்தான்" என்றார். வேறு உபதேசம் எதுவும் செய்யவில்லை. போய் மிஷினைப் போட்டார்.

சாயங்காலம் புதுசு வீட்டுக்குப் போய்ச் சொன்னார். நானும் போனேன். அவள் கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை சொல்லி அனுப்பியதைச் சொல்லட்டுமா என்று பெரியக்கா கேட்டதற்கு, "இப்ப வேண்டாம்" என்றாள். "என்னிக்காவது கேட்டா சொல்லுங்க." பெரியக்கா சரி என்று தலையாட்டினார். வருவாயா என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தெருவுக்கு வந்ததும் நான்தான் கேட்டேன்.

"வருவாளா, பெரியக்கா?"

"வருவா. வராட்டியும் அவ வேலை அவளுக்கு இருக்கும்."

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் வண்டிகளை இழுத்துக்கொண்டிருக்கும்போது புதுசு வந்தாள். கை முழுதாக ஆறவில்லை, விரலில் துணி சுற்றியிருந்தாள். யாரும் ஓடிப்போய் விசாரிக்கவில்லை. பெரியக்கா கண் ஜாடை காட்டியிருந்தார். வண்டி தள்ளுகிறவர் மட்டும் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சூட்டறை வேண்டாம்னா வேற இடம் போடறேன்" என்றார் பெரியக்கா.

"கொஞ்ச நாள் வேற எங்கேயாவது போடுங்க. அப்புறம் நானே கேக்கறேன்."

"இன்னிக்கு யார்கூட நிக்கறே?"

அவள் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெருமையாகப் போய் எதிரில் நின்று விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்தேன். உதறினோம். நடந்து வந்து முனை சேர்த்தோம். அவள் முனைகளை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, உங்க பக்கம் தொங்குது. ஒழுங்காப் பிடிங்க" என்றாள்.

ஒழுங்காகப் பிடித்தேன்.